வீட்டுக் கண்டாக்கு

நுவரெலியா
21.05.2024

அன்புள்ள மூர்த்திக்கு,

நான் நலம். குளிரைப் பற்றி முறையிடப் போவதில்லை. முறையிட்டால் அது ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வந்துவிடும்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். பலமுறை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஏதோ சொல்வீர்கள், நான் சிரித்துவிடுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே தொலைபேசியை வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நேற்று கொத்மலைப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போனேன். ஆசிரிய ஆலோசகர் என்று பெயர். பாதி நாள் பஸ்ஸில்தான் கழிகிறது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி உங்கள் கட்டுரையை மற்றவளுக்கு உரக்க வாசித்துக்கொண்டு வந்தாள். புதுக் குடை வாங்கப் போய், பழைய குடையைக் கடையிலும் புதியதைப் பஸ்ஸிலும் விட்டுவிட்டு நனைந்து வீடு திரும்பினீர்களே, அந்தக் கட்டுரை. வாசலில் நிற்கும் மனைவி, உங்கள் 'வீட்டுக் கண்டாக்கு', சொல்கிறாள்: "ரெண்டு குடையும் நனையாம பத்திரமா இருக்கும்ல, அது போதும்."

பஸ்ஸின் முன்பாதி சிரித்தது. "நல்லா குடுத்திருக்கா பாரு. எங்க வீட்டுலயும் ஒன்னு இருக்கு, குடையில்ல, குடம் தொலைக்கிற ஆளு" என்றாள் கேட்டுக்கொண்டிருந்தவள். அப்புறம் ஓட்டுநர் தன் மாமனாரைப் பற்றி ஆரம்பித்தார். கீழே இறங்கும்வரை அந்தப் பஸ்ஸில் யாரும் வாய் மூடவில்லை.

நீங்கள் எழுதுவதை நான் பெரிதாக எண்ணியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த திமிர் என்று நீங்களே எழுதி, அதற்கும் சிரிப்பு வாங்கியிருக்கிறீர்கள். நேற்றுத்தான் அது எப்படி வேலை செய்கிறது என்று கவனித்தேன். முதல் வரியிலேயே நீங்கள் வழுக்கி விழுந்துவிடுகிறீர்கள். வாசிப்பவருக்கு உங்களைவிடத் தான் கொஞ்சம் கெட்டிக்காரர் என்று ஒரு நிம்மதி வருகிறது. மழை, தேநீரில் தோய்க்கும் பாண், கூரைத் தகரம், பிந்தி வரும் பஸ். அவர்கள் வீட்டில் இல்லாத ஒரு பொருள் உங்கள் கட்டுரையில் இல்லை. சிரிப்பை விளக்காமல் நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறீர்கள். மிச்ச இடத்தில் அவர்கள் தங்கள் மாமனாரைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். இது சின்ன வித்தை இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் குடை தொலைந்தபோது நான் அந்த வாசலில் இல்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு நான் நுவரெலியாவில் வாடகை அறையில் இருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் வேலையைச் சரிபார்த்துக்கொண்டு திரியும் கண்டாக்கையாவைப்போல என்று எனக்கு நீங்கள் வைத்த பெயரோடு, உங்கள் வீட்டில் வேறொருத்தி நடமாடுகிறாள். அவள் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள்.

என் அப்பாவின் சாவையும் எழுதினீர்கள். லயத்து வரிசை வீடுகளின் மூலையில் சவப்பெட்டி திரும்பாமல், அடுத்த வீட்டு அடுப்படி வழியாகக் கொண்டுபோனதை. "கொஞ்சம் பொறுங்க, உலைய எறக்கிக்கிறேன்" என்று அந்தம்மா சொன்னதை. நீங்கள் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்கிறார்கள். வாசித்தபோது நானும் சிரித்தேன். அப்போது அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. என்னைச் சிரிக்க வைத்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. இடமாற்றம் கேட்டது அதற்காகத்தான். பதவி உயர்வுக்காக இல்லை.

இனி அந்த வீட்டுக் கண்டாக்கை எழுத வேண்டாம். நீங்கள் ஒத்துக்கொண்டால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் நான் இங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொள்கிறேன்.

நாகலெட்சுமி


நோர்வூட்
27.05.2024

அன்புள்ள லெட்சுமிக்கு,

நான்தானே இங்கே தபாலதிபர், உன் கடிதத்துக்கு நானே முத்திரை குத்தி, நானே பிரித்துப் போட்டு, தபாலகத்தில் எனக்கு நானே கையளித்துக்கொண்டேன். "யாருங்க, சொந்தக்காரவங்களா?" என்று புதிதாக வந்த தபால்காரர் கேட்டார். "இருந்தாங்க, இருப்பாங்க, இப்ப பேச்சுவார்த்தை நடக்குது" என்றேன்.

பார், தொடங்கிவிட்டேன்.

சரி, நிறுத்திவிடுகிறேன். வீட்டுக் கண்டாக்கு அடுத்த வாரத்திலிருந்து இல்லை. ஏற்கெனவே அனுப்பிய ஒன்று இருக்கிறது, பிரஷர் குக்கரைப் பற்றியது. பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டு அதிலிருந்து அவளை எடுத்துவிடச் சொன்னேன். "குக்கர எடுத்தாலும் பரவால்ல, அந்தம்மாவ எடுக்காதீங்க" என்றார். எடுக்கச் சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் குடையில்லாமல் வந்து நின்றால் நீ ஒரு பார்வை பார்ப்பாய், துவாயை எடுத்து நாற்காலியில் போடுவாய், உள்ளே போய்விடுவாய். அவ்வளவுதான். என்ன நினைத்தாய் என்று எனக்கு இத்தனை வருடத்தில் தெரிந்ததில்லை. அந்த மௌனத்தில் நிற்கப் பயமாக இருக்கும். அதில் போடுவதற்காகத்தான் அவளுக்கு வசனம் எழுதினேன். அவள் என்னைத் திட்டினால் நீ என்மேல் கோபமாக இல்லை என்று எனக்குத் தோன்றும்.

ஊரில் கேட்பவர்களிடம் நீ டிரெயினிங்குக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். டிரெயினிங் எத்தனை மாதம் என்று பத்திரிகைக் கடை ஹுசைன் நானா கேட்கிறார். என்ன சொல்ல?

கூரையில் மேற்கு மூலைத் தகரம் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன். வாளியும் ஒழுகுகிறது.

உன்
மூர்த்தி


நுவரெலியா
18.06.2024

அன்புள்ள மூர்த்திக்கு,

கேட்டதைச் செய்தீர்கள். நன்றி சொல்ல வேண்டும். சொல்லியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலைகளில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்திரிகை வாங்கக் கூடாது என்று கடைக்கு எதிர்ப் பக்கமாக நடக்கிறேன். சந்தையைச் சுற்றிக்கொண்டு அதே கடைக்கு வந்து சேர்கிறேன். அட்டைக்கடி கட்டுரை பரவாயில்லை. நேற்று முன்தினம் வந்ததில் ஏன் புத்தி சொல்லத் தொடங்கினீர்கள்? இளைஞர்கள், கைத்தொலைபேசி, சமூகம். விழுவதற்கு முன் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்கிறவரைப்போல எழுதுகிறீர்கள். யார் சிரிப்பார்கள்?

அலுவலகத்தில் தனுஷிகா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. "மேடம், வீட்டுக் கண்டாக்குக்கு என்ன ஆச்சு, ஆளையே காணோமே" என்றாள். தெரியாது என்றேன். "சண்டையா இருக்கும்" என்றாள். "அந்தாள் மேலதான் பிழை இருக்கும், எழுத்துலயே தெரியுது" என்று தானே தீர்ப்பும் சொன்னாள்.

தகரத்துக்கு ஆள் பிடியுங்கள். வாளியைப் பற்றி எழுத மட்டும் நேரம் இருக்கிறதா?

நாகலெட்சுமி


நோர்வூட்
08.07.2024

அன்புள்ள லெட்சுமிக்கு,

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நேற்று நீ இறந்துவிட்டாய்.

போன வாரக் கட்டுரை, கேத்தலை அடுப்பில் மறந்து கருக்கிய கதை. அதில் ஒரு வரி: 'வீட்டில் இப்போது சத்தமில்லை.' சிரிக்கத்தான் எழுதினேன். வாசகர்கள் சில வாரமாக உன்னைக் காணாமல் தங்களுக்குள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த வரியோடு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

பின்பக்கம் சாரத்தோடு உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் லொறிச் சத்தம். போய்ப் பார்த்தால், பக்கத்துத் தோட்டத்து மரண உதவிச் சங்கத் தலைவர் முத்துலிங்கம் ஆட்கள் உட்காரப் பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நீங்க ஒன்னுக்கும் யோசிக்காதீங்க. கொட்டகை பின்னால வருது. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மாவ சொல்றேன்யா" என்றார். நான் விழித்தேன். "மனுசனுக்கு அதிர்ச்சி, நெனவே இல்ல" என்று லொறிக்காரரிடம் அவர் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

அதற்குள் இரண்டு வேன். போகவந்தலாவைப் பக்கத்து ஆட்கள், நல்லதண்ணியில் யாத்திரைச் சீசனுக்குக் கடை போடுகிறவர்கள், முகம் தெரியாதவர்கள். கையில் சீனி, தேயிலை, பிஸ்கட். யாரோ வாசல் படலையில் சாவுக்கான வெள்ளைக் கொடி கட்டிவிட்டார்கள். ஹுசைன் நானாகூட வந்துவிட்டார். "என்ன நானா, நீங்களுமா" என்றேன். "டிரெயினிங்னு நீங்க சொல்லக்கொள்ளயே எனக்கு டவுட்டு மாஸ்டர். இந்தக் கட்டுரைய வாசிச்சன், மையத்து வீடு மாதிரியே இருந்திச்சி" என்றார்.

வாயைத் திறக்குமுன் அழகம்மா தொடங்கிவிட்டார். தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். எழுத்துத் தெரியாது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாராவது வாசிக்கக் கேட்டதுதான். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு பாடினார்:

"குடைய மறந்த மகராசன்
கூட வர ஆளில்லையே
கேத்தல் கரிஞ்சிருச்சே
கேக்க ஒரு நாதியில்லையே
நெத்தியில கண்ணாடிய வச்சு
ஊரெல்லாம் தேடுவாரே
எடுத்துக் கையில் குடுக்காம
எங்க போன கண்டாக்கம்மா"

என் கட்டுரைகள் எல்லாம் அதில் இருந்தன, லெட்சுமி. சிரிப்புக்காக நான் எழுதிய ஒவ்வொன்றையும் அவர் அழுதுகொண்டே பாடினார். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதுவிட்டேன். அதோடு யாருக்காவது இருந்த சந்தேகமும் போய்விட்டது.

கடைசியில் கத்த வேண்டியிருந்தது. "சாகல. நுவரெலியாவுல நல்லா இருக்காங்க" என்றேன்.

ஒப்பாரி நடுவில் நின்றது. "அப்ப ஏன்யா இங்க இல்ல?" என்று கேட்டார் அழகம்மா.

ஒரு பதில் நாக்கு நுனிக்கு வந்தது. நல்ல பதில், எல்லோரும் சிரித்திருப்பார்கள். விழுங்கிவிட்டேன். "நான் எழுதுறது பிடிக்காம போயிட்டாங்க. அவங்க அப்பா சாவ நான் சிரிப்பா எழுதினேன்" என்றேன்.

அவர்கள் எல்லோரும் அதற்குச் சிரித்தவர்கள்தானே. அழகம்மா முடியை முடிந்துகொண்டார். "அப்ப அந்தம்மா பேசுனதா வந்ததெல்லாம்?"

"நான் எழுதுனதுங்க."

"அப்ப அவங்க என்னதான் சொன்னாங்க?"

நேற்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை உட்கார விடவில்லை. 'எங்கப்பா உசுரோட இருந்தப்ப அடுத்த வீட்டு அடுப்படிய எட்டிப் பாக்காதவரு, இப்பதான் பாக்குறாரு' என்று நீ சொன்னதாக எழுதினேன். அதை நீ சொல்லவில்லை. உண்மையில் என்ன சொன்னாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். என் கட்டுரையில் உள்ளதுதான் ஞாபகம் வருகிறது. வேறு ஒன்றும் மிச்சமில்லை.

வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன். முத்துலிங்கம் கதிரைகளை மறுபடி ஏற்றினார். சீனியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டோம் என்றார்கள். "சாவு வீட்டுக்குக் கொண்டாந்தத திரும்ப எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க" என்றார்கள். இங்கே சாவில்லையே என்றேன். "அது எங்களுக்குத் தெரியாதுங்க, கொண்டு வந்தது அதுக்குத்தான்" என்றார்கள். வீட்டில் இப்போது கடை வைக்கிற அளவுக்குச் சீனி இருக்கிறது.

இதைக் கட்டுரையாக எழுதினால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். எழுதவில்லை. இந்த வாரம் பத்திரிகைக்கு ஒன்றும் அனுப்பவில்லை. இது உனக்கு மட்டும்.

அன்று என்ன சொன்னாய்?

மூர்த்தி


நுவரெலியா
12.07.2024

அன்புள்ள மூர்த்திக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தது பிழை. முதல் பக்கத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. ஒப்பாரிக்கு வந்தபோது கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தனுஷிகா வெளியில் நின்று, "மேடம், சுகமில்லையா" என்று தட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, வீட்டுக் கண்டாக்கு நான்தான் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க அவ்வளவு பேசவே மாட்டீங்களே மேடம்" என்றாள்.

கேட்டீர்கள், சொல்கிறேன். பெட்டி மூலையில் நின்றபோது என் கை தலைமாட்டில் இருந்தது. "மெதுவா" என்றேன். அவ்வளவுதான். தூக்கியவர்களுக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சொன்னேன். பார்வை மங்கிய பிறகு அந்த மூலையில் அவர் அடிக்கடி தலையை இடித்துக்கொள்வார்.

நீங்கள் கொடுத்த வசனம் இதைவிட நல்லது. அது எனக்கும் தெரியும். யாரும் 'மெதுவா' என்பதைப் பஸ்ஸில் வாசித்துச் சிரிக்க மாட்டார்கள்.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று வருகிறேன். அழகம்மா வீட்டுக்குப் போக வேண்டும், முத்துலிங்கம் வீட்டுக்கும். எனக்காக அழுதவர்களுக்கு முகம் காட்டாமல் இருப்பது சரியில்லை. சீனியை அவர்கள் வாங்க மாட்டார்கள் என்றால், அதில் ஏதாவது பலகாரம் செய்து கொண்டுபோவோம். அது சாவுக்குக் கொண்டு வந்தது ஆகாது. பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அறையை இன்னும் விடவில்லை. இப்போதைக்கு விடப் போவதும் இல்லை. நான் வருவதை வைத்து நீங்கள் மனக்கோட்டை ஒன்றும் கட்டிக்கொள்ள வேண்டாம்.

வெள்ளைக் கொடியை அவிழ்த்தீர்களா? உங்களைத் தெரியும், இன்னும் படலையில்தான் இருக்கும்.

கண்டாக்கைப் பற்றி யோசித்தேன். எழுதுங்கள். வாசகர்கள் இவ்வளவு தூரம் வேன் பிடித்து வந்தபின் அவர்களிடமிருந்து அவளைப் பிடுங்க எனக்கு மனமில்லை. ஆனால் அவள் நுவரெலியாவில் இருக்கிறாள் என்று எழுதுங்கள். ஏன் போனாள் என்றும் எழுதுங்கள். அவள் பேச வேண்டிய இடம் வந்தால் எனக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரப் பிந்தினால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். உங்கள் ஆட்கள் நிரப்பிக்கொள்வார்கள்.

மழை பலமாக இருக்கிறதாம். எனக்குக் குடை கொண்டு வருகிறேன். உங்கள் கையில் தரமாட்டேன்.

லெட்சுமி