கௌஸ் முகம்மது எடுத்த விக்கெட்டுகள்

2005 ஜனவரி 7, வெள்ளி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி மட்டும் எழுதுவேன். ஸ்கோர் புத்தகத்தில் அப்படி எழுத முடியாமல் போனதால்தான் இதைத் தொடங்குகிறேன்.

அப்பா தன் கம்பெனி கிரிக்கெட் அணிக்கு மேனேஜர். நான் ஸ்கோரர். எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் இந்த வேலையைக் கொடுத்ததற்குக் காரணம், விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். குவைத்தில் இருக்கும் எட்டுக் கம்பெனிகள் ஆடும் லீக் இது. ஒவ்வோர் அணிக்கும் பதினான்கு ஆட்டம். முதல் நான்கு அணிகள் நாக்-அவுட்டுக்குப் போகும். பாதி சீசன் முடிந்துவிட்டது. நாங்கள் ஐந்தாவது.

இன்று வீரபாண்டி அண்ணன் ஐந்து விக்கெட் எடுத்தார். இடது கை வேகப்பந்து. பிட்ச்சில் விரித்த ‘மேட்’டில் பட்டதும் பந்து உள்ளே திரும்புவது என் மேஜையிலிருந்தே தெரிகிறது. ஐந்தையும் ‘கௌஸ் முகம்மது’ என்ற பெயருக்கு நேராக எழுதினேன். மூன்றாவது வாரமாக இப்படித்தான்.

அண்ணன் எங்கள் கம்பெனி சைட்டில் சாரம் கட்டுகிறார். ஆனால் அவர் விசா, ஆள் அனுப்பும் வேறொரு கம்பெனியுடையது. சிவில் ஐடி கார்டில் எந்தக் கம்பெனி இருக்கிறதோ அதற்குத்தான் ஆட வேண்டும் என்பது விதி ஏழு. கௌஸ் மாமா எங்கள் கம்பெனி டிரைவர். அவர் கார்டு சரியாக இருக்கிறது. பந்து போடத்தான் தெரியாது. எனவே கார்டு அவருடையது, கை இவருடையது. போட்டோவை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இரண்டு பேருக்கும் மீசை இருக்கிறது.

“ரெண்டே ரெண்டு மேட்ச்னுதானேப்பா சொன்னீங்க?”

“நீ ஸ்கோரர், உமா. ஜட்ஜ் இல்ல.”

ஜனவரி 14, வெள்ளி

நான்கு விக்கெட். ஜெயித்தோம்.

பேட்ஸ்மேன் ஒருவர் கத்தினார்: “கௌஸ் பாய், பந்து போடுறியா, கல்லெறியுறியா?”

“கல்லுன்னா சொல்லிட்டுல்ல எறிவேன்!” என்றார் வீரபாண்டி அண்ணன். அம்பயர், எதிரணி, எல்லாருமே அவரை கௌஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் உடனே திரும்பிப் பார்க்கிறார்.

நிஜ கௌஸ் மாமா தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “பாப்பா, நான் இன்னைக்கு எத்தன விக்கெட்டு?”

“நாலு, மாமா.”

“அல்ஹம்துலில்லாஹ். அதான் தோள்பட்ட இந்த வலி வலிக்குது!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுத வேண்டும்.

ஜனவரி 21, வெள்ளி

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. ஆட்டம் இல்லை.

ஜனவரி 28, வெள்ளி

ஆறு விக்கெட்! மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டோம். லீக் பட்டியலில் அதிக விக்கெட்: கௌஸ் முகம்மது, 21.

ஆட்டம் முடிந்ததும் ராஜீவ் சார் அப்பாவிடம் வந்தார். எண்ணெய்த் தொட்டி கட்டும் பெரிய கம்பெனியின் அணிக்கு அவர்தான் மேனேஜர். அவர்கள் இப்போது நான்காவது; பின்னால் வருகிறவர்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

“உங்க கௌஸை எங்களுக்குத் தாங்க, சிவசங்கரன் சார். பதிலுக்கு ரெண்டு பேட்ஸ்மேன் தர்றேன். அவனுக்கு ஸ்டோர்ல உக்கார்ந்த வேலை. விசாவை எங்க பேருக்கு மாத்திடறோம். வருஷம் ஒரு லீவு, ஃபேமிலி விசாவும் உண்டு.”

பேசும்போது அவர் கை, ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த வீரபாண்டி அண்ணனைக் காட்டியது. அப்பா பெயரைத் திருத்தவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

பிப்ரவரி 1, செவ்வாய்

வீரபாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில்தான் உட்காருகிறார்.

“நிச்சயம் பண்ணி ரெண்டு வருசமாச்சு சார். இந்தக் கம்பெனிக்காரன் லீவே விட மாட்டேங்கிறான். பொண்ணு வீட்ல எம்புட்டு நாளைக்குப் பொறுப்பாக?”

அப்பா சொன்னார்: “இப்போ உன் பேரைச் சொன்னா, ஜெயிச்ச அஞ்சு மேட்ச் பாயிண்டும் போயிடும். நாக்-அவுட் உறுதியாகட்டும், ராஜீவ்கிட்ட நானே சொல்லி உன்னைச் சேத்துவிடறேன். என் பொறுப்பு.”

“சார் சொன்னாச் சரி.” போகும்போது என்னைப் பார்த்து, “என்ன தாயி, அடுத்த சீசன்ல என் பேரைப் பெருசா எழுதணும்,” என்றார்.

பிப்ரவரி 4, வெள்ளி

மழை. மைதானம் முழுவதும் தண்ணீர். ஆளுக்கு ஒரு புள்ளி.

பிப்ரவரி 9, புதன்

அப்பா மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். ஷூவைக் கூடக் கழற்றவில்லை.

ராஜீவ் சார் பதிலுக்குக் காத்திருக்காமல் அப்பாவின் மேலதிகாரியிடமே பேசிவிட்டாராம். அவர் சரி என்றிருக்கிறார். அரசு ஆபீஸ் வேலைகளைப் பார்க்கும் மந்தூப், கம்பெனி லாக்கரிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப்போய் விசாவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். கௌஸ் முகம்மதுவின் பாஸ்போர்ட். கௌஸ் முகம்மதுவின் விசா. எங்கள் டிரைவர் மாமாவின்!

ஒரு வருடத்துக்குத் திரும்ப மாற்ற முடியாதாம்.

அவங்க மேல என்ன தப்பு? பட்டியல்ல இருந்த பேரைத்தானே கேட்டாங்க. அந்தப் பட்டியல் என் ஸ்கோர் புத்தகத்துலருந்து வந்ததுதானே — ஒவ்வொரு விக்கெட்டா, அழகா, ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு — நான்தானே எழுதினேன்? எழுத மாட்டேன்னு சொல்லியிருந்தா அப்பா வேற யாரையாவது உக்கார வச்சிருப்பார். அப்போ மட்டும் என்ன மாறியிருக்கும்? தெரியல. எனக்கு எதுவும் தெரியல.

பிப்ரவரி 10, வியாழன்

கௌஸ் மாமா வந்தார். அம்மா வைத்த டீயைத் தொடவில்லை.

“அரபியில ஒரு பேப்பர் குடுத்தாங்க, கையெழுத்துப் போட்டேன். அப்ப விளங்கல, சத்தியமா. மறுநாள் விளங்கிட்டுது. ஓடி வந்து சொல்லியிருக்கலாம்.” தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “சொல்லல சார். ஷம்சியாவ இங்க கூட்டிட்டு வரலாம்னாங்க. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல அவளோட இருந்தது மொத்தம் பதினாலு மாசம்.”

அப்பா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். யாரை வெறுப்பது என்று தெரியாமல் இருப்பது மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

பிப்ரவரி 11, வெள்ளி

வீரபாண்டி அண்ணன் இன்று ஆடவில்லை. கௌஸ் முகம்மது என்ற பெயர் எங்கள் அணியில் இல்லை. வேறு பெயரில் இறக்கவும் முடியாது. எல்லா அம்பயர்களுக்கும் அந்த முகம்தான் கௌஸ். அவர் தண்ணீர் கேனைத் தூக்கி வந்தார். தோற்றோம்.

பிப்ரவரி 13, ஞாயிறு

ராஜீவ் சாரின் டேங்க் கம்பெனி வலைப்பயிற்சியில் கௌஸ் மாமா போட்ட முதல் பந்து பக்கத்து வலைக்குள் போனதாம். ராஜீவ் சார் போனில் கத்தியது எனக்குச் சமையலறை வரை கேட்டது. ஆனால் புகார் கொடுக்க மாட்டாராம். கொடுத்தால் எங்கள் புள்ளிகள் எங்களிடம் தோற்ற அணிகளுக்குப் போகும். அதில் ஒன்று அவர்களுக்கு நேர் கீழே இருக்கிறது. அதனால் கௌஸ் மாமாவுக்கு முதுகு வலி என்று லீகில் எழுதிக் கொடுத்துவிட்டு அவரை ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். வீரபாண்டி அண்ணனை இனி எடுத்தும் பயனில்லை; லீகில் அவர் முகம்தான் கௌஸ்.

“நீங்க போய் எல்லாத்தையும் சொல்லிடுங்கப்பா,” என்றேன்.

“சொன்னா, வீரபாண்டி அடுத்தவன் கார்டுல ஆடினான்னு வரும். என் வேலை போனாலும் போகட்டும். அவனை ஊருக்கே ஏத்தி அனுப்பிடுவாங்கம்மா.”



பிப்ரவரி 18, வெள்ளி

தோல்வி. கௌஸ் மாமாவுக்குப் பதிலாக வந்த இரண்டு பேட்ஸ்மேன்களும் நன்றாகத்தான் ஆடுகிறார்கள். பந்து போட ஆள் இல்லை.

பிப்ரவரி 26, சனி

சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: வீரபாண்டிக்குப் பேசிய பெண்ணுக்கு வேறு இடம் பார்க்கிறார்களாம். அம்மா குழம்பு ஊற்றிய கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 4, வெள்ளி

கடைசி ஆட்டம். ஆறு ரன்னில் தோற்றோம். ஐந்தாம் இடம். டேங்க் கம்பெனி நான்காவது.

மார்ச் 18, வெள்ளி

மாலையில் அப்பாசியாவில் ஒரு ஹாலில் பரிசளிப்பு. அம்பயர்கள் வரவில்லை; மேடையில் இருந்தவர்கள் மைதானத்துப் பக்கமே வராதவர்கள். சீசன் முழுவதும் இருபத்தொன்றை யாரும் தாண்டவில்லை. “சிறந்த பந்துவீச்சாளர், கௌஸ் முகம்மது!” என்று மைக்கில் அழைத்தார்கள்.

எனக்கு முன்வரிசையில் இருந்த வீரபாண்டி அண்ணன் எழுந்துவிட்டார். இரண்டு நாற்காலி தாண்டி நடந்த பிறகுதான் நின்றார்.

அந்தப் பக்கம் கௌஸ் மாமா பாதி எழுந்தவர் அப்படியே இருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பா கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வீரபாண்டி அண்ணன், கை தட்டுவதற்காகத்தான் எழுந்தவர் போல, நின்ற இடத்திலேயே கை தட்டத் தொடங்கினார். பின்னாலிருந்தவர்களும் எழுந்து தட்டினார்கள். நானும் தட்டினேன். கௌஸ் மாமா மேடையேறிக் கோப்பையை வாங்கிக் கீழே இறங்கும்வரை அண்ணன் உட்காரவில்லை.

அண்ணனுடைய தொழிலாளர் கேம்ப் பஸ் சீக்கிரமே வந்துவிட்டது. நாங்கள் நாற்காலிகளை மடக்கி முடிக்கும் முன்பே காவலாளி வந்து ஹால் விளக்குகளை அணைத்துவிட்டார்.