எடைக்கு முன் அரை லிட்டர்

அக்டோபர் 9

முழங்கால் வலி. இந்த வயதில் ஏணி வைத்து ஏறிப் பழைய பெட்டியை இறக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? உள்ளே என் முதல் வருட அடையாள அட்டை. ‘எடைக்கூட உதவியாளர்’ என்று போட்டிருக்கிறது. படத்தில் கழுத்தெலும்பு தெரிய ஒரு பெண், உலகத்தையே அளந்துவிடப் போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறாள். இவரிடம் காட்டினேன். “இந்தப் பொண்ணைத்தான் நான் கட்டிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேற யாரோ” என்றார்.

மாலை டி.வி.யில் ஒல்லியின் பேட்டி. அவருக்கு அந்தப் பெயர் வைத்த காலத்தில் பக்கவாட்டில் திரும்பினால் ஆளே காணாமல் போய்விடுவார். இப்போது ஒரு நாற்காலி போதவில்லை. அன்று கார்ப் பந்தய சாம்பியன், இன்று பெரிய அணி ஒன்றுக்குத் தலைவர். வழக்கமான கதையைச் சொன்னார்: “வண்டிய விட்டு எறங்கினதும் கண்ணு இருட்டிடுச்சு. எடைக்கூடத்துல ஒரு பொண்ணு தன்னோட தண்ணிய எடுத்துக் கொடுத்துச்சு. இல்லேன்னா அன்னைக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.”

அந்தப் பெண் நான்தான். பந்தய உலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“ஆரம்பிச்சுட்டான் தண்ணிக் கதைய” என்று இவர் டி.வி.யை அணைத்தார். அந்த வருடம் இவர் எதிரணியில் டயர் மாட்டும் ஆள். ஒரே ஒரு புள்ளியில் பட்டம் கைநழுவிப் போனது. இருபத்தாறு வருடமாகியும் மனிதருக்கு ஆறவில்லை. நான் எப்போதும் போலப் பேச்சை மாற்றினேன்.

அக்டோபர் 14

வருடத்தின் கடைசிப் பந்தயத்துக்கு இன்னும் ஐந்து நாள். நடுவர் குழுவுக்கு இந்த முறையும் நான்தான் தலைவர். கண்ணாடி அறை, குளிரூட்டி, ஆளுக்கொரு கணினி. எனக்கென்னவோ அந்தத் தகரக் கூரை எடைக்கூடம்தான் கண்ணில் நிற்கிறது. நான்கு சக்கரத்துக்கு நான்கு எடைத்தட்டு. நான்கு எண்ணையும் பென்சிலால் கூட்ட வேண்டும். ஓட்டுநர் ஹெல்மெட்டோடு தனியாக ஏறி நிற்பார். வண்டியும் ஆளுமாகச் சேர்ந்து அறுநூறு கிலோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால், முதலில் வந்தவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எடை குறைந்த வண்டி வேகமாக ஓடும், அதனால்தான்.

ஓட்டுநர்களும் லேசுப்பட்டவர்களா? பந்தயம் முடிந்ததும் மெதுவாகச் சுற்றி வரும் அந்தக் கடைசிச் சுற்றில் வண்டியைத் தடத்தின் ஓரத்துக்கு இறக்கிவிடுவார்கள். அங்கே சிதறிக் கிடக்கும் ரப்பர்த் துணுக்கெல்லாம் சூடான டயரில் அப்பிக்கொள்ளும். ஒரு கிலோ, இரண்டு கிலோ எடை ஏறிவிடும். விதியில் அதற்குத் தடை கிடையாது. பிறகு அந்த ரப்பரைச் சுரண்டி எடுப்பது டயர்க்காரர்கள் பாடு. இவர் எங்கள் கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்துதான் சுரண்டுவார். ஏன் அங்கே என்று அப்போது எனக்குப் புரியவில்லை. என் பாட்டிலில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். பாட்டிலில் கருப்பாக ஐந்து விரல் பதிந்திருக்கும். எவ்வளவு நல்ல நாட்கள்.

அக்டோபர் 19

இன்று பச்சை வண்டி ஜெயித்தது. சின்ன அணி, இதுவரை ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை. ஓட்டியவள் இருபத்து மூன்று வயதுப் பெண். இந்த வெற்றியோடு வருடத்தின் பட்டமும் அவளுக்குத்தான். இரண்டாவதாக வந்தது ஒல்லியின் ஆள்.

வெயில் காய்ச்சி எடுத்தது. எடைக்கூடத்து வாசலில் இறங்கிய பெண் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மெக்கானிக்—சொந்தத் தாய்மாமன்—கம்பிவேலிக்குள் கையை விட்டு ஒரு பாட்டிலை நீட்டினார். குடித்தாள். அதன் பிறகுதான் எடை. அறுநூறு கிலோ, முந்நூறு கிராம்.

அரை மணி நேரத்தில் ஒல்லியின் அணி ஆட்சேப மனு கொடுத்தது, கேமரா படத்தோடு. ‘எடை போடும் முன் ஓட்டுநர் எதையும் வாங்கவோ, உண்ணவோ, பருகவோ கூடாது.’ அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

ஒல்லி சிரித்துக்கொண்டே சொன்னார்: “ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே மேடம்?”

அக்டோபர் 20

விசாரணை. மாமன் எழுந்து நின்றார். “தப்பு என்னுது மேடம். புள்ள வெளிறிப் போய் விழுந்து கெடக்கு. நான் எடையப் பாக்கறதா, உயிரப் பாக்கறதா?” அந்தப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் குற்றத்துக்கு எச்சரிக்கையும் கொடுக்கலாம், தகுதிநீக்கமும் செய்யலாம். முன்பு இப்படி நடந்தபோது என்ன செய்தார்கள் என்று பார்ப்பதுதான் வழக்கம். செயலாளர் பழைய பதிவுகளை எல்லாம் புரட்டிவிட்டு, “இப்படி ஒண்ணு இதுக்கு முன்னாடி நடந்ததே இல்ல மேடம். முதல் தடவைங்கறதால, மத்தவங்களுக்குப் பாடமா இருக்க முழுத் தண்டனையே கொடுத்துடலாம்” என்றார். மற்ற இரண்டு நடுவர்களும் தலையாட்டினார்கள். நான் ஒரு ‘சரி’ சொன்னால் முடிந்தது.

வியாழனுக்குத் தள்ளி வைத்தேன்.

அக்டோபர் 21

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

இருபத்தாறு வருடத்துக்கு முன், அந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்தன்று ஒல்லி எடைக்கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றார். உதடு வெள்ளையாகிவிட்டது. இன்னும் எடை போடவில்லை. அன்றும் இதே விதிதான். என் கையில் பாட்டில் இருந்தது, கொடுத்துவிட்டேன். ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தார், பிறகு மேடையில் ஏறினார். நானே பென்சிலால் கூட்டினேன். அறுநூறு கிலோ, இருநூறு கிராம். உள்ளே போன தண்ணீர் அரை லிட்டர், அதாவது அரைக் கிலோ. கழித்துப் பார்க்கச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாசலில் நின்ற தலைமைப் பரிசோதகர் “சரியா இருக்கா?” என்றார். “சரி” என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

தண்ணீர் கொடுத்ததற்கு இன்றும் நான் வருந்தவில்லை. அந்த ‘சரி’க்குத்தான். வேலை போய்விடும் என்று பயம். சரி, அன்றைக்குப் பயம். மறுநாள்? மறுவாரம்? அதற்குள் ஒல்லி மேடை மேடையாக அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், எல்லோரும் கைதட்டினார்கள். குடித்தது எடைக்கு முன்பா பின்பா என்று கேட்கவோ, அந்த எடைச்சீட்டைப் போய் எடுத்துப் பார்க்கவோ வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பட்டத்தை இழந்தது இவருடைய அணி. அதுவும் இவர் பிடித்து வைத்த தண்ணீரால். இதை மறைத்துக்கொண்டு இந்த மனிதரோடு இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்!

சொன்னால் என் பதவி போகும், ஒல்லியின் பெயர் கெடும். சொல்லாவிட்டால் நான் உள்ளே நின்று செய்ததையே வேலிக்கு வெளியே நின்று ஒருவர் செய்ததற்கு அந்தப் பெண் எல்லாவற்றையும் இழப்பாள். நானே கையெழுத்துப் போட்டு அவளை வெளியே அனுப்ப வேண்டும். என்னால் முடியுமா?

அக்டோபர் 22

காலையில் இவரிடம் சொல்ல வாயெடுத்தேன். உப்பு போதுமா என்று கேட்டுவிட்டுப் போனேன்.

மாலையில் சொல்லிவிட்டேன். சைக்கிள் டியூபை வாளியில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

“அந்தத் தண்ணி நான் புடிச்சு வெச்சது.”

“ஆமாங்க.”

“குளிர்ந்த தண்ணி வேணும்னு கேன்டீன் வரைக்கும் நடந்து போவேன். ஒரு கிலோமீட்டர்.”

“தெரியும்.”

“அன்னைக்கு எங்க ஆளுங்க அத்தனை பேரும் அழுதாங்க. நானும் அழுதேன். நீ பக்கத்துல வந்து உக்காந்து, விடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொன்னே.”

இதை நான் மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அறைக்குள்ளிருந்தே கேட்டார்: “நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?”

அக்டோபர் 23

நடுவர் நாற்காலியை விட்டு எழுந்து, பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்தேன். எதிரே இருந்த சாட்சி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இரண்டு நடுவர்களும் செயலாளர் முகத்தைப் பார்த்தார்கள். முழுவதையும் சொன்னேன். சீட்டைத் தேடி எடுத்து வர ஒரு மணி நேரமாயிற்று. என் பென்சில் எழுத்து கொஞ்சமும் மங்காமல் இருந்தது.

ஒல்லியின் வக்கீல் எழுந்தார். “குடிச்சதுக்கு என்ன ஆதாரம்? நாக்கை நனைச்சிருப்பார், அவ்வளவுதான்.” எல்லோரும் ஒல்லியைப் பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா தலையாட்டினால் போதும், என் பேச்சு எடுபடாது. அவர் சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

“முழு பாட்டிலையும் குடிச்சேன். ஒரு சொட்டு மிச்சம் வெக்கல” என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, “நானே ஊர் ஊராப் போய்ச் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேனே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். எழுந்து வெளியே போய்விட்டார். கதவு மூடிய பிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 2

தீர்ப்பு வந்துவிட்டது.

பரிசளிப்பு முடிந்த வருடத்தின் முடிவுகளை மறுபடி திறக்க முடியாது. ஆகவே ஒல்லியின் பட்டம் காகிதத்தில் அப்படியே இருக்கும். எனக்கு ஐந்து வருடம் எந்தப் பொறுப்பும் கிடையாது, பந்தயத் திடலுக்குள் அனுமதி அட்டையும் கிடையாது. அந்த ஐந்து முடியும்போது எனக்கு அறுபது.

மறைத்து வைத்த குற்றம் முன்னுதாரணம் ஆகாது என்று எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் எடைக்கூடத்து ஆள் ஒருவரே காட்டிய இரக்கத்துக்காக இந்தப் பெண்ணைத் தகுதிநீக்கம் செய்ய மனம் வரவில்லை என்று கீழே இன்னொரு வரி. நேரத்தில் பத்து வினாடி கூட்டியிருக்கிறார்கள். அதனால் அவள் மூன்றாவது. பட்டம் ஒல்லியின் ஆளுக்கு.

மாமன் போன் செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “மூணாவது இடம் இருக்குல்ல மேடம். தகுதிநீக்கம்னு போட்டிருந்தா ஒருத்தன் எங்களுக்கு வண்டி கொடுக்க மாட்டான். அடுத்த வருஷம் அவ ஓட்டறா” என்றார். போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

நவம்பர் 3

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு இவர் இன்றுதான் பேசினார். “உப்பு கம்மி” என்றார். போதும்.

ஜனவரி 18

டி.வி.யில் ஒல்லி. பேட்டி எடுத்த பெண் ஆசையாகத் தண்ணீர்க் கதையைக் கேட்டாள். “அது நல்ல கதை இல்லம்மா” என்று சொல்லிவிட்டு வேறு பேசினார். இவர் டி.வி.யை அணைக்கவில்லை. “அன்னைக்கு நெசமாவே நல்லாத்தான் ஓட்டினான்” என்றார்.

மார்ச் 15

வருடத்தின் முதல் பந்தயம். டிக்கெட் எடுத்துப் போனோம், கூட்டத்தோடு கூட்டமாக. படியேறுவதற்குள் முழங்கால் என்னைக் கொன்றுவிட்டது. எடைக்கூடம் இருந்தது எல்லைக்கோட்டுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம். நடுவர் அறைக்குப் போன பிறகு எல்லாம் கணினித் திரையில்தான். இத்தனை வருடத்தில் ஒரு வண்டிகூடக் கோட்டைத் தாண்டுவதை நான் நேரில் பார்த்ததில்லை. நின்ற வண்டிகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள்: “நீங்க யாரு பக்கம்?”

யார் பக்கமும் இருக்கக் கூடாது என்பதுதானே என் வேலை? கைதட்டக்கூட அனுமதி இல்லாத வேலை. இவர் முந்திக்கொண்டு, “பச்சை வண்டிங்க” என்றார்.

கடைசிச் சுற்றில் பச்சை வண்டியும் ஒல்லியின் வண்டியும் ஒட்டிக்கொண்டு வந்தன, நான்காவது இடத்துக்கு. காலடியில் சிமெண்டு அதிர்ந்தது. எப்போது எழுந்தேன் என்று தெரியாது. “போம்மா! விடாதே, போ!” என்று ஒரு குரல் கத்துகிறது, யாரோ என்று பார்த்தால் நான். இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், விழுந்துவிடுவேனோ என்று. அரை வண்டி நீளத்தில் அவள் முந்தினாள்.

தொண்டை கட்டிவிட்டது, கண்ணெல்லாம் தண்ணீர். பக்கத்துப் பெண் சிரித்துக்கொண்டே, “ரேஸ் பாக்க வர்றது மொதல் தடவையா?” என்றாள்.

“ஆமாம்” என்றேன்.