புளி போட்டு மினுக்கிய வெற்றுக்கோது

இஞ்சேருங்கோ,

பெயர் சொல்லி எழுதக் கை வரவில்லை. நீங்கள் இருந்த காலத்திலேயே உங்கள் பெயரை நான் வாய் திறந்து சொன்னது டொக்டரிடமும் விசா அலுவலகத்திலும்தான். இப்போது மட்டும் என்ன புதுப்பழக்கம்.

இன்று வேலைக்குப் பிந்திப் போனேன். பாரிசின் லா சப்பலில், எனக்கு வேலை தந்த கடைக்கார அக்காவின் குசினிக்குள் நுழைந்தபோது ரோல்ஸுக்கு வைக்கிற முட்டைகள் பெரிய சட்டியில் அவிந்து ஆறி, உரிக்க ஆளில்லாமல் கிடந்தன. முதல் முட்டையை உடைத்ததும் அந்த மணம் வந்தது. கெட்ட மணம் என்றும் இல்லை, நல்ல மணம் என்றும் இல்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் உங்கள் சேட்டில் இருந்த மணம். சுட்ட கறுப்பு வெடிமருந்தும் அவித்த முட்டையும் ஒரே மாதிரித்தான் மணக்கும் என்று உலகத்தில் எத்தனை பெண்சாதிமாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். உங்களைக் கட்டிய பலன்.

நேற்றுக் கோயில் தேர்த்திருவிழா. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்வதென்றால் எங்கள் பழைய சண்டையிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த சண்டைதான். ஆனாலும் என் பக்கத்தை நீங்கள் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை, கேளுங்கள்.

2009ஆம் ஆண்டு வைகாசியில் ஊரில் யுத்தம் முடிந்ததற்குப் பிறகு நீங்கள் பேசுவதைக் குறைத்துவிட்டீர்கள். வன்னியில் இருந்த உங்கள் அக்கா குடும்பத்திடமிருந்து தொலைபேசி வருவது நின்றுபோயிருந்தது. வேலைக்குப் போவீர்கள், வருவீர்கள், தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பீர்கள். பிரான்சின் தேசிய தினமான யூலை பதினாலு இரவு வாணவேடிக்கை வெடித்தபோது சோற்றுக் கோப்பையோடு மேசைக்குக் கீழே போய்விட்டீர்கள். மகள் சின்னப்பிள்ளை, விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டு உங்களுக்குப் பின்னால் வந்தாள். நானும் வந்தேன். மூன்று பேரும் மேசைக்குக் கீழே இருந்து சாப்பிட்டு முடித்தோம். அதைப் பற்றி நாங்கள் பிறகு கதைக்கவே இல்லை.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் துப்புரவுக் கொம்பனி ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தைக் கூட்டிப் பெருக்க அனுப்பியது. நாங்கள் இருக்கிற பியர்ஃபித்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். எனக்குக் கோபம் வந்தது.

"உலகத்திலை இல்லாத இடம் பாத்தே உங்களை அனுப்பினவங்கள்? மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"கூட்டிறது எங்கையும் கூட்டிறதுதானே" என்றீர்கள்.

கூட்டுவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் உங்கள் சாப்பாட்டுக் கரியரைக் கழுவத் திறந்தேன். சோற்றுத் தட்டு இருக்கவேண்டிய இடத்தில் துப்பாக்கி ரவையின் பித்தளைக் கோதுகள். சுட்டு முடிந்த வெற்றுக்கோதுகள், கறுத்துப்போய், அந்த முட்டை மணத்தோடு. சத்தம் வராமல் மூடி வைத்தேன். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த நாள் காலை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கரியரோடு சென் தெனிக் கால்வாய்க்குப் போனேன். சுற்றிலும் பார்த்தேன். எல்லாவற்றையும் தண்ணீருக்குள் கொட்டினேன்.

பின்னேரம் நீங்கள் தேடினீர்கள். "எங்கையப்பா அதுகள்?"

"கிணத்துக்கை போட்டிட்டன்" என்றேன்.

கால்வாய் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது கிணறு. நீங்கள் கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தீர்கள். அப்பாவின் கதையைக் கலியாணத்துக்கு முன்பே உங்களுக்குச் சொல்லியிருந்தேன்.

ஊரில் எங்கள் வீட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் ஒரு பெரிய வெற்றுக்கோது இருந்தது. தம்பி வயல் வரம்பில் பொறுக்கி வந்தது. கழுவி, மண் நிரப்பி, ஊதுபத்தி குத்தி வைத்திருந்தோம். ஊரைச் சுற்றிவளைத்த அன்று ஆமிக்காரன் ஒருவன் அதைக் கையில் எடுத்தான். அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் வரவில்லை. அன்று பொழுதுபடுவதற்குள் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் ஒரு கோது மிச்சமில்லை. எல்லாம் கிணறுகளுக்குள் போய்விட்டன. அம்மா கொஞ்ச நாள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை.

நான் கால்வாயில் கொட்டியவை ஏதோ குப்பை என்று நினைத்தேன். இல்லையாம். கழகத்துக்கு வருகிற ஒரு கிழவர், ரெயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் பூட்டனாருடைய சுழல் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட துப்பாக்கி. அந்த அளவு ரவையை இப்போது எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. வேறொரு துவக்கின் கோதை எடுத்து, வெட்டிக் கட்டையாக்கி, விளிம்பைக் கடைந்து, அதன் அளவுக்குப் பொருந்தப் பண்ணித்தான் ரவை செய்ய வேண்டும். கிழவருக்குக் கை நடுக்கம். நீங்கள் கூட்டும்போது கோதுகளைத் தரம் பிரித்துப் பொறுக்கி வைப்பதைக் கண்டுவிட்டு, மீதி வேலையையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார். அவர் நெடுநாள் தேடிச் சேர்த்த கோதுகளைத்தான் நான் மீனுக்குப் போட்டேன். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தமில்லை. மறுபடி அதே கரியரைத் திறந்தால் மறுபடி அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று நடந்த சண்டையில் நீங்கள் சொன்னது மூன்றே பதில். நான்தான் கத்தினேன். "கண்டால் கேப்பினம்" என்றேன். "ஆரப்பா இஞ்சை கேக்கப் போயினம்?" என்றீர்கள். "கேட்டால்?" என்றேன்.

"கேட்டால் சொல்லுவம்."

"சொன்னா விடுவினமோ?"

"விடுவினம்" என்றீர்கள். குரலில் அவ்வளவு உறுதி இல்லை என்பது எனக்குக் கேட்டது.

அந்த உறுதியைத் தேடித்தானே பிறகு நீங்களாகவே பொலிஸ் நிலையத்துக்கு நடந்து போனீர்கள்? இப்படிப்பட்ட பழைய துப்பாக்கிக்கு வீட்டில் கோது மினுக்கலாமா என்று கேட்கப் போன ஒரே தமிழன் நீங்களாகத்தான் இருக்கும். நான் உங்கள் உடுப்பையும் குளிசைகளையும் ஒரு பையில் கட்டி வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மத்தியானம் நீங்கள் கக்கத்தில் பாணோடு வந்தீர்கள். "அவனுக்கே தெரியேல்லை. ரெண்டு பேரைக் கேட்டுப்போட்டு ஓம் எண்டவன்" என்று சிரித்தீர்கள். வைகாசிக்குப் பிறகு நீங்கள் சிரித்தது அன்றுதான். அதற்காக வாயை மூடிக்கொண்டேன். வெடிமருந்து வீட்டு வாசல் தாண்டக்கூடாது, எல்லாம் கிழவரின் தோட்டத்துக் கொட்டிலோடு நிற்கவேண்டும் என்று மட்டும் சத்தியம் வாங்கினேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான். காலையில் கிழவரிடம் போய் ரவை நிரப்புவீர்கள், இரண்டு பேரும் கடதாசி மட்டையைச் சுடுவீர்கள், பின்னேரம் கறுத்த கோதுகளோடு வருவீர்கள். கழுவி, திருத்தி, அடுத்த சனிக்கு மறுபடி நிரப்ப வேண்டும். கழகத்தில் மற்றவர்கள் அதற்கு மெஷின் வைத்திருந்தார்கள். நீங்கள் என் பழப்புளியை எடுத்தீர்கள். குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி ஒவ்வொரு கோதையும் உருட்டி உருட்டித் தேய்த்தீர்கள். கிழவர் அந்த மினுக்கத்தைக் கண்டு என்ன மருந்து என்று கேட்டாராம். நீங்கள் ஒரு கட்டிப் புளியைக் கொண்டுபோய்க் கொடுக்க, மனிதர் வாயில் போட்டுப் பார்த்தாராம்.

ஒருநாள் கேட்டேன், ஏன் இந்த வேலை, வெடிச்சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போகிற உங்களுக்கு என்று. தேய்த்த கோதைக் கீழே வைக்காமலே சொன்னீர்கள்: "சத்தம் கேட்டாப்பிறகும் மத்தியானச் சாப்பாடு இருக்கெண்டு உடம்புக்குத் தெரிய வேணும்." அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் விளக்கை மினுக்கும்போது உங்கள் கோதுகளில் பாதியை நானும் எடுத்தேன். பயம் போகவில்லை. பயத்தோடேயே தேய்த்தேன்.

பாரிசில் பயங்கரவாதிகள் சனத்தைச் சுட்ட 2015 கார்த்திகை ஞாபகம் இருக்கிறதா? பொலிஸ் அவர்களை வளைத்த இரவு சென் தெனியில் விடியும்வரை துவக்குச் சத்தம். எங்கள் வீட்டு யன்னலுக்குக் கேட்டதா, தொலைக்காட்சியில் கேட்டதா என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அடுத்த ஞாயிறு நீங்களே கோதுகளைக் கரியரில் அடுக்கினீர்கள். "வாரும்" என்றீர்கள். கால்வாய்க்கரை வரை இரண்டு பேரும் நடந்தோம். கரியரை என்னிடம் நீட்டினீர்கள்.

"நீர் எறியும். நீர் எறிஞ்சால் நான் ஒண்டும் சொல்லன்."

உங்கள் முகத்தில் அன்று நான் கண்டது என்னுடைய பயம். இத்தனை காலம் அது எனக்கு மட்டும்தான் என்று இருந்தேன். நான் எறியவில்லை. குளிர் காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கரியரை நானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு கிழவர் ஊன்றுகோலோடு வந்தார். கோதுகளையும் கருவிகளையும் காரில் ஏற்றினோம். ஏதாவது வைத்துக்கொள்கிறீர்களா மதாம் என்று கேட்டார். ஒன்று போதும் என்றேன். தேடி எடுத்துத் தந்தது, நீங்கள் முதன்முதலில் வெட்டித் திருத்திய கோது. விளிம்பு கோணல். வாயில் வெடிப்பு. ஒன்றுக்கும் உதவாத அதை நீங்கள் எறியாமல் வைத்திருந்தீர்களாம்.

அதை நான் வீட்டில் வைக்கவில்லை. வீட்டில் இருந்தால் வீட்டில் இருக்கிறவரைப் பிடிப்பார்கள். மகள் தனியே இருக்கிற நேரம் உண்டு. கைப்பையில் இருந்தால் என்னோடு போகும். அதனால் ஒரு கைலேஞ்சியில் சுற்றி, மெட்ரோவிலும் கடையிலும் கோயிலிலும் அதைக் கொண்டே திரிந்தேன். யாராவது கேட்டால் விளக்கின் கழன்ற பாகம் என்று சொல்ல, பிரெஞ்சில் வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே எடுத்து விளக்கோடு சேர்த்து மினுக்குவேன், மறுபடி சுற்றிவிடுவேன்.

நேற்றுத் தேருக்குப் போகும்போது, ரூ பஜோல் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் தடுப்பு வைத்துப் பொலிஸ் பையெல்லாம் பார்த்தது. திரும்பிப் போக முடியாதபடி பின்னால் சனம். மகள் பக்கத்தில் சேலையோடு நின்றாள். ஒரு சின்னப் பெட்டை, மகளின் வயதுதான் இருக்கும், பொலிஸ் உடுப்பில். என் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்: கற்பூரப் பெட்டி, திருநீற்றுச் சரை, பயண அட்டை, பிறகு அந்தக் கைலேஞ்சி. விரித்தாள். கோது அவள் உள்ளங்கையில் வெயில் பட்டு மினுங்கியது.

"இது என்ன மதாம்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

பாடமாக்கிய விளக்கு வசனம் வாய்க்குள் நிற்க, நான் சொன்னேன்: ரவைக்கோது. பழைய துப்பாக்கியுடையது. என் கணவர் செய்தது. அவர் இப்போது இல்லை.

அவள் தன்னோடு நின்ற வயதான பொலிசைக் கூப்பிட்டாள். அவர் அடியைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், வெடிப்பை நகத்தால் தடவினார். வெறும் கோது என்றார். ஏன் இப்படி மினுங்குகிறது என்று கேட்டார். புளி என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனால் தலையாட்டினார். அந்தப் பெட்டை கோதைக் கைலேஞ்சியில் சுற்றி, நான் சுற்றியிருந்த மாதிரியே நான்காக மடித்துச் சுற்றி, பைக்குள் வைத்தாள். நல்ல திருவிழாவாக அமையட்டும் என்றாள்.

பூட்டியிருந்த ஒரு கடை வாசல்படியில் இருந்துவிட்டேன். "மமோன், சா வா?" அம்மா, சுகமா என்று மகள் குனிந்து பிரெஞ்சில் கேட்டாள். தேர் வந்தது, தேங்காய்கள் உடைந்தன, நான் எழும்பவில்லை. எனக்கு அழுகை சந்தோஷத்தில் வந்தது என்று நீங்கள் நினைக்கவேண்டாம். ஆத்திரத்தில் வந்தது. அப்பாவிடமும் அன்று கேட்டார்கள். அவரும் உள்ளதைத்தான் சொன்னார். ஊதுபத்தி குத்துவதற்கு, ஐயா, என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

மகள் இரவு சொன்னாள், இனி அதை வீட்டில் வையுங்கள் என்று. சரி என்று இன்று காலை அதை விளக்குக்குப் பக்கத்தில், சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வேலைக்கு இறங்கினேன். ரெயில் சென் தெனிக்கு வர, வைத்த இடம் எதுவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் பிள்ளை நித்திரை. இறங்கி, அடுத்த பக்க ரெயில் பிடித்து, படியெல்லாம் ஓடி ஏறி, அதை எடுத்துப் பைக்குள் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

குசினியில் அக்கா கேட்டார், "ஏனப்பா இவ்வளவு பிந்தினனீர்?"

ரெயில் பிந்திவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நீங்கள்தானே சொன்னீர்கள், கேட்டால் சொல்லுவோம் என்று. சொன்னேன். அப்பாவையும் சொன்னேன், உங்களையும் சொன்னேன். லா சப்பலில் இத்தனை வருடத்தில் யாருக்கும் சொல்லாதது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்து முட்டை உரிக்கத் தொடங்கினார். சட்டி பாதி காலியான பிறகு, தலை நிமிராமல் சொன்னார்:

"எங்கடையும் கிணத்துக்கைதான் கிடக்குது."