பொட்டுக்குக் கீழே எரிந்த விளக்கு

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

ஜெயித்தது நீங்கள்தான். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கூடத்துச் சுவரில் இருக்கிற அந்த ஐரோப்பிய நிலக்காட்சியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இருநூறு வருஷத்துக்கு முன் யாரோ வரைந்தது. அதை வெளிநாட்டுக் காலண்டரிலிருந்து வெட்டி, பழவங்காடியில் சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்து மாட்டினீர்கள். பாறைமேல் ஒருவன் முதுகைக் காட்டி நிற்கிறான். எதிரே பள்ளத்தாக்கு, பனி. வேறு யாரும் இல்லை.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது இதையும் விடமாட்டாள். பொட்டு வைக்க இதில் நெற்றி ஏது? அதனால் வலது மூலையில், எப்போதும் ஒரே இடத்தில் வைப்பாள். அவள் போன பிறகு, அந்தக் கடைசிப் பொட்டை யாரும் தொடக் கூடாது என்றீர்கள். ஆறு வருஷமாக அது கண்ணாடியில் காய்ந்து கிடக்கிறது.

"தனியா நிக்கறான், பாவம்" என்று ஒருநாள் சொன்னேன். அங்கே ஆரம்பித்தது சண்டை.

"தனியா ஒண்ணும் இல்லடா. பொட்டுக்குக் கீழ ஒரு வீடு உண்டு. ஜன்னல்ல மஞ்சள் விளக்கு. அவன் வீட்டுக்குப் போறவனாக்கும்."

"படம் முழுக்க நீலம்ப்பா. மஞ்சளே கிடையாது. துடைச்சுக் காட்டுங்க."

"உங்கம்மா வச்சது. கை வச்சேன்னா பின்னே இந்தப் படி ஏறாதே, கேட்டியா."

கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் நான் பார்க்கிற வேலையே கணினிக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது. அந்தத் திமிரில் அக்காவிடம், "அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சாச்சு, இல்லாத விளக்கைப் பாக்கறார்" என்றேன். அவள் நம்பினாள். சொந்தங்களிடமும் சொல்லி வைத்தேன். டாக்டரிடம் கூட்டிப்போனோம். என்ன கிழமை, என்ன மாதம் என்று அவர் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னீர்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

போன ஞாயிறு, நம் வலியசாலை வீட்டுக்கு வெள்ளையடிக்கப் படத்தை இறக்கினேன். பொட்டைத் தொடவில்லை. சட்டத்தைக் கவிழ்த்து, பின்பக்க ஆணிகளைப் பிடுங்கி, படத்தை மட்டும் உருவினேன். பத்து நிமிஷ வேலை. நீங்கள் இருக்கும்போது எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

வீடு இருக்கிறது அப்பா. சின்னக் கூரை, ஜன்னல், அதில் பளிச்சென்று மஞ்சள் விளக்கு. இத்தனை வருஷமாகக் காலை வெயில் படத்தின் மஞ்சளையும் சிவப்பையும் தின்றுவிட்டு நீலத்தை மட்டும் விட்டிருக்கிறது. அம்மாவின் சந்தனம் மறைத்த அந்த வட்டத்துக்குள் மட்டும் வெயிலின் ஜம்பம் பலிக்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீயும் உன் கம்ப்யூட்டரும்" என்று திட்டிவிட்டு, படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

அதே பாறை, அதே முதுகு. ஆனால் அவன் இப்போது ஏங்கி நிற்கவில்லை. விளக்கைக் கண்டுகொண்டு, கடைசி இறக்கத்துக்கு முன் மூச்சு வாங்குகிறான். அம்மா போன பிறகு நீங்கள் தனியாகிவிட்டதாகவும் நானேதான் முடிவு கட்டினேனோ?

உங்கள் திதிக்குச் சொந்தங்கள் எல்லாம் வருவார்கள். யார் யாரிடம் 'மறதி' என்று சொன்னேனோ, அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் படத்தைக் கொடுப்பேன். அப்பா சரியாகத்தான் பார்த்தார், பார்க்கத் தெரியாதவன் நான்தான் என்று சத்தமாகச் சொல்வேன். இது வாக்கு.

உங்களிடம் தோற்றதில் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருக்கும்,
உங்கள் இளைய மகன்