கம்பளிச் செருப்பு

அன்புள்ள லவ்டே,

ஸ்காப்பா துறைமுகத்திலிருந்து உன் ஜேகோ. நான் சுகம். அம்மாவுக்கு இருமல் நின்றதா?

ஒரு நல்ல சேதி. பீரங்கியை வேகமாகச் சுடும் போட்டியில் எங்கள் பீரங்கிக் கூண்டுதான் முதல்! எனக்கு வேலை கப்பலின் அடியில், வெடிமருந்து அறையில். மருந்துப் பைகளை நாங்கள் எடுத்துக் கொடுப்போம்; அவை மேலே பீரங்கிக்குப் போகும். ஒவ்வொரு முறையும் அறையின் இரும்புக் கதவைத் திறந்து மூடவேண்டும். எங்கள் தலைவர் ட்ரெவினா அதைக் கயிற்றால் கட்டித் திறந்தே வைத்துவிட்டார்.

"மேல தீப்பிடிச்சா நேரா இங்க இறங்காதாய்யா?" என்று கேட்டேன்.

"நீ கதவை மூடுற வரைக்கும் ஜெர்மன்காரன் கைகட்டி நிப்பானாடா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கதவு திறந்திருப்பதால் புழுக்கமும் இல்லை, கவலைப்படாதே.

நங்கூரம் தூக்குகிற சத்தம் கேட்கிறது. எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை.

என் கம்பளிச் செருப்பு கிழிந்துவிட்டது. உன் கையால் ஒன்று பின்னி அனுப்பு, ராத்திரியும் கழற்றமாட்டேன். உலோகப் பொத்தான் மட்டும் வைத்துவிடாதே. ஆணி அடித்த பூட்ஸோடு யாரும் இந்த அறைக்குள் கால் வைக்க முடியாது. ஒரு தீப்பொறிகூடப் பறக்கக்கூடாது என்பதில் ட்ரெவினா அவ்வளவு கண்டிப்பு.

உன்,
ஜேகோ