மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

சேசு துணை

அன்பு மகன் ரெக்ஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கு மூவரும் சுகம், மும்பையில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்றால் எங்கள் சுகம் முழுசாகும். போனில் பேசினால் நான் அழுவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கூரியரில் கடிதம். கவாத்து முடிந்து திராட்சை துளிர்த்திருக்கிறது, மழை கொஞ்சம் பொறுத்தால் போதும். ஆணழகன் போட்டிக்கு எடுத்த உன் படத்தைப் பார்த்து அப்பா, பந்தலுக்குள்ள குனிஞ்சே திரிஞ்ச பயலுக்கு நிமிந்து நடக்கப் பரிசு குடுக்குறாகளாக்கும் என்று சிரித்தார், பிறகு பால் சொசைட்டியில் எல்லாரிடமும் காட்டிவிட்டுத்தான் வந்தார்.

சனிக்கிழமை போட்டி மேடையில் மனநலம் பற்றிப் பேசும் சுற்றில் உன் கதையைச் சொல்லாமல், பொதுவாக நாலு வார்த்தை பேசி இறங்கிவிடப் போவதாகத் தங்கை அனிதாவிடம் சொன்னாயாமே. அவள் கல்யாணம் கெட்டுவிடும் என்று உனக்குப் பயம். கோயிலில் கல்யாணத்தை அறிவித்து இரண்டு ஓலை வாசித்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார், அண்ணனுக்கு மனசு சரியில்லை என்று எவனாவது கிளப்பிவிடுவான் என்று நினைக்கிறாய். நீ அறையை விட்டு வராமல் கிடந்த வருஷம் ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தோம், தெருவே கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தது, பாவம், நீ அதையும் குடித்தாய். உன்னைத் தேற்றியது தேனி டாக்டர், பேர் வாங்கியது கீழாநெல்லி. இப்போது சோர்ந்து படுக்கிற பிள்ளைக்கெல்லாம் இங்கே அதையே அரைக்கிறார்கள், டாக்டரிடம் கூட்டிப் போவதில்லை. இதைப் பார்த்துக்கொண்டு இனி என்னால் சும்மா இருக்க முடியாது.

அனிதாவிடம் கேட்டேன். "அண்ணன மறைச்சுக் கட்டுற தாலி எனக்கு வேண்டாம்மா" என்றாள். நேற்றே நானும் அப்பாவும் சின்னமனூர் போய், மாப்பிள்ளை ஸ்டீவனிடமும் அவர் அம்மாவிடமும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டோம். அந்த அம்மா காபி கொடுத்தார்கள், யோசிச்சுச் சொல்றோம் என்றார்கள், இன்னும் பதில் இல்லை. ஆனாலும் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. நீயும் எதையும் விழுங்காதே. அத்தனை பேர் முன்னால் உன் பேரைச் சொல்லி, நோயின் பேரையும் சொல். மறுநாள் ஓலை வாசிக்கும்போது நாங்கள் மூவரும் முன் வரிசையில் இருப்போம். யார் போய் சாமியாரிடம் சொன்னாலும் அது பழைய சேதியாக இருக்கட்டும்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். பரிசு வந்தாலும் வராவிட்டாலும் அன்று ராத்திரி மாத்திரையை மறக்காதே. கல்யாணம் நடந்தாலும் நின்றாலும் அடுத்த வாரம் வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
செபஸ்தியம்மாள்