தூங்கும் சுரப்பியும் உன் தம்பியின் வைத்தியமும்

வீட்டுக்காரிக்கு,

இதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் உண்மை. உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

தைராய்டு ரிப்போர்ட் வந்துவிட்டது. டி.எஸ்.எச். எகிறிக் கிடக்கிறது, சுரப்பி சுரக்க வேண்டிய டி4 இறங்கிக் கிடக்கிறது. கண்டக்டர் வேலையில் ஓய்வு பெற்ற உன் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "தைராய்டு ஓவரா ஓடுது மாமா, பிரேக் போடணும்" என்கிறான். டிக்கெட் கிழித்த மூளைக்கு அவ்வளவுதான் எட்டும். டி.எஸ்.எச். என்பது மூளை போடும் அதட்டல். சுரப்பி தூங்கினால்தான் அதட்டல் கூடும். நேற்று நான் சோபாவில் குறட்டை விட்டபோது நீ அடுப்படியிலிருந்து கத்தினாயே, அதேதான். அந்தக் கத்தலில் எதிர்வீட்டு நாய் எழுந்து வேலை தேடப் போய்விட்டது.

ஆகவே சோம்பேறி நானில்லை, சுரப்பி. "தின்னுட்டுத் தூங்குற ஜென்மம்" என்று சொன்னதை வாபஸ் வாங்கு.

டாக்டரிடம் டோக்கன் போடப் போகிறேன். துணி ஊறினால் ஊறட்டும், நான் வந்து துவைக்கிறேன். சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. பூட்டிவிட்டு நீயும் வா. ஸ்வெட்டர் போட்டுக்கொள், உனக்குத்தான் வெயிலிலும் குளிருகிறதே.

பி.கு.: இரண்டு பேரும் ஒன்றாகத்தானே ரத்தம் கொடுத்தோம். என் ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. மேலே சொன்னது உன்னுடையது.